படுக்கும் முன் ஒரு நல்லது

எழுபதுகளின் கடைசியில் போடியில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டினார். விடிந்ததும் ஏலத்தோட்டக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் ஏறுவார். சாயங்காலம் கூட்டிக்கொண்டு இறங்குவார். நான் ஒரு மண்டியில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போனேன். இரண்டு பேர் உடம்பிலும் எந்நேரமும் ஏலக்காய் வாசம்தான். தலைக்குக் குளித்தாலும் போகாது.

ஓர் ஐப்பசி மழையில், மேலேயிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஜீப் வழுக்கிவிட்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். அவர் வண்டியைப் பாறைப் பக்கமாக ஒடித்தார். மோதிக் கவிழ்ந்தது. அவரைத் தவிர உள்ளே ஒன்பது பேர். எட்டுப் பேருக்குச் சிராய்ப்புதான். பக்கத்து ஊரான சிலமலைப் பெண் ஒருத்திக்கு மட்டும் வலது கை முறிந்துவிட்டது. அவருக்கு நெற்றியில் நாலு தையல்.

தையலை ஒரு வாரத்தில் பிரித்தார்கள். தூக்கம்தான் திரும்பி வரவில்லை. கண்ணை மூடினால் அந்த வளைவு வந்துவிடும். பிரேக்கை மிதிப்பதுபோலப் பாயை உதைத்துக்கொண்டு எழுந்து உட்காருவார். கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தேன். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினேன். டாக்டர் கொடுத்த மாத்திரையில் பகலெல்லாம் தள்ளாடினாரே தவிர, ராத்திரி தூங்கவில்லை. வண்டிப் பக்கமே போகவில்லை.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அக்காவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். துணி காயப்போடும்போது அவளிடம் சொல்லி அழுதேன்.

“எங்க வீட்ல அவுக படுக்கையில, அன்னைக்கிக் கெடச்ச நல்லத ஒன்னொன்னாச் சொல்லி அல்லாவுக்கு நன்றி சொல்லுவாக. பாதியிலேயே கொறட்ட வந்துரும்” என்று சிரித்தாள். “நீங்களும் ஒங்க சாமிகிட்டச் சொல்லிப் பாருங்களேன்.”

அன்றைக்கே ஆரம்பித்தேன். “ஏங்க, இன்னைக்கி நடந்த நல்லது ஒன்னு சொல்லுங்க.”

“ஒஞ்சோலியப் பாத்துக்கிட்டுப் படு.”

“சரி, நான் சொல்றேன். கொழாயில ரெண்டு கொடம் கூடத் தண்ணி பிடிச்சேன். மண்டியில எனக்கு சன்னலோரம் எடம் கெடச்சுச்சு. முருகா, ஒனக்குப் புண்ணியம்.”

அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் விடவில்லை. தினமும் சொன்னேன். சில நாள் சொல்ல ஒன்றும் இருக்காது. பால் பொங்கி வழியாததைக்கூடச் சொல்லியிருக்கிறேன். பத்து நாள் கழித்து, சுவரைப் பார்த்தபடி அவர் சொன்னார்: “கருவாட்டுக் கொழம்பு நல்லாருந்துச்சு.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அதற்குப் பிறகு அவரும் ஏதாவது சொல்வார். சலூன் ரேடியோவில் நல்ல பாட்டு. டீக்கடையில் யாரோ காசு கொடுத்துவிட்டது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கண் அசந்தார். ஆனாலும் திடுக்கிட்டு எழுவது நிற்கவில்லை. ஒரு நாள் ராத்திரி மெதுவாகச் சொன்னார்.

“ஒம்போது பேரும் உசுரோட இருக்காக.”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“அந்தப் பிள்ள கையிதான்... நான் ஒரு எட்டுப் போயிக்கூடப் பாக்கல.”

விபத்துக்குப் பிறகு அவர் அழுதது அன்றைக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு சிலமலைக்குப் போனோம். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அவர் தெருவிலேயே நின்றுவிட்டார்.

“வாங்கண்ணே! அங்கிட்டு ஏன் நிக்கிறீக?”

“என்னாலதான தாயி இப்பிடி...”

“நல்லாச் சொன்னீக போங்க! நீங்க அந்தப் பக்கம் ஒடிச்சிருந்தா எங்கள அள்ளக்கூட முடிஞ்சிருக்காது. எம்பிள்ளைகளுக்கு ஆத்தா இருக்கேன்னா ஒங்களாலதான். தெனம் படுக்கையில ஒங்களயும் நெனச்சுத்தான் கும்பிட்டுப் படுக்கேன்.”

அவர் தெருவிலிருந்து வாசலுக்கு வந்தார். பழத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, உட்கார்ந்து கூடவே கடலை உடைக்க ஆரம்பித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். போடி வந்ததும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். எழுப்ப மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

தை பிறந்ததும் மறுபடி வண்டி எடுத்தார். முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெருமழை கொட்டும் இரவுகளில் விழித்துத்தான் கிடப்பார். எங்களுக்குள் சண்டை வந்த நாட்களில் நல்லதும் கிடையாது, பேச்சும் கிடையாது. மற்ற நாட்களில் மட்டும் அந்தப் பழக்கம் விடவில்லை.

எண்பதுகளில் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். நாலு பேரும் வரிசையாகப் படுத்திருப்போம். மகள் முகத்தை ரொம்பப் பக்தியாக வைத்துக்கொண்டு, “இன்னைக்கி கணக்கு வாத்தியார் லீவு சாமி” என்பாள். அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். சின்னவனோ, தன் முறை வருவதற்குள் பெரும்பாலும் தூங்கிப்போயிருப்பான்.