டியூக்கின் வயிற்றில் 1982

வெர்லின் ஸ்டக்கி ஒரு சென்ட் காசை அடுக்களை மேசையில் போட்டுவிட்டுக் காதைச் சாய்க்கிறார். கணீரென்றால் செம்பு; இடப்பக்க ஜாடி. டொக்கென்றால் செம்பு முலாம் பூசிய துத்தநாகம், வலப்பக்க ஜாடி. ஓஹாயோவில் எங்கள் தெரு இந்தச் சத்தத்தில்தான் கண்விழிக்கிறது. கார் பம்பர்களுக்கு முலாம் பூசி ஓய்வுபெற்றவர் அவர். ஆகவே பிறர் பூசிய முலாமை நம்புவதில்லை.

செம்பு சென்ட்டில் இருக்கும் செம்பு ஒரு சென்ட்டைவிட விலை கூடியது. ஆனால் உருக்கி விற்றால் சிறை. உருக்காமல் வைத்தால் அது வெறும் சென்ட். இந்த இரண்டு வாய்ப்புகளுக்காக அவர் வீட்டின் இரண்டு அறைகளை ஜாடிகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்.

"எதுக்குய்யா இது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சட்டம் மாறும்."

"மாறலன்னா?"

"அப்ப எதுக்குன்னு யோசிக்கணும்."

அவரை அலைக்கழிக்கும் ஆண்டு 1982. அந்த ஆண்டின் நடுவில் அரசாங்கம் மனம்மாறி, செம்பை விட்டுத் துத்தநாகத்துக்குத் தாவியது. ஒரே முகம், ஒரே ஆண்டு, இரண்டு வயிறு. அந்தக் காசுகளை மட்டும் அவர் காதை நம்பி விடுவிப்பதில்லை. சின்னத் தராசில் நிறுத்துத் தீர்ப்புச் சொல்லும்வரை, அவை ஒரு தட்டில் விசாரணைக் கைதிகளாகக் கிடக்கும்.

போன வெள்ளிக்கிழமை, நிறுக்காத கைதி ஒன்றை அவர் கண்ணெதிரிலேயே டியூக் விழுங்கியது. டியூக் அவர் வளர்க்கும் கிழட்டு நாய்.

"வண்டிய எடு வெர்லின்!" என்றாள் மனைவி டாரிஸ்.

"இரு. செம்புன்னா அதுபாட்டுக்குப் பின்னால வந்துரும். துத்தநாகம்னாத்தான் வயித்துல கரைஞ்சு ரத்தத்தக் கெடுக்கும்."

"இது எது?"

"எண்பத்திரண்டுல அத எப்பிடிடி சொல்ல?"

சனிக்கிழமை என்னை உதவிக்கு அழைத்தார். நாயைக் குளியலறைத் தராசில் ஏற்றினோம். எழுபத்திரண்டு பவுண்டு. வால் தரையில் பட்டபோது எழுபத்தொன்று. இரண்டு காசுகளுக்கும் வித்தியாசம் அரை கிராமுக்குச் சற்று மேல்.

"வாலத் தூக்கிப் பிடி," என்றார். நான் பிடித்தேன். "சே, வியாழக்கெழமையே இவன நிறுத்து வச்சிருந்தா, கழிச்சுப் பாத்திருக்கலாம்."

"அது நாயா, உண்டியலாய்யா?" என்று கூடத்திலிருந்து டாரிஸ் கத்தினாள்.

ஞாயிறு காலை டியூக் வாந்தியெடுத்துவிட்டு எழ முடியாமல் படுத்தது. டாரிஸ் சாவியை எடுத்தாள். நாங்கள் நாயைத் தூக்கினோம்.

கால்நடை மருத்துவர் பிரூயிட் அம்மாள் நாயின் வாயைத் திறந்தார். "ஈறு வெளுத்துப் போச்சே. என்னத்த முழுங்குச்சு?"

"எண்பத்திரண்டு சென்ட், டாக்டர்."

"அத்தனை காசா!"

"ஒண்ணுதான். ஆனா அந்த வருஷம் ரெண்டு விதமா..."

"மிஸ்டர் ஸ்டக்கி, ரெண்டு விதமும் நாய்க்குத் தீனி இல்ல. வெளிய உக்காருங்க."

வெளியே வெர்லின் இரண்டு நாற்காலிகளில் மாறிமாறி உட்கார்ந்தார். "கணீர்னுதான் கேட்டமாதிரி இருந்துச்சு," என்றார் என்னிடம். பிறகு, "இல்லியோ?" என்றார். டாரிஸ் அவர் பக்கம் திரும்பவில்லை.

வாய்வழியாகக் குழாய் விட்டுக் காசை எடுத்துவிட்டார் மருத்துவர். எங்களை உள்ளே கூப்பிட்டுக் கிண்ணத்தை நீட்டினார். காசு ஓரமெல்லாம் எலி கொறித்தாற்போல் அரித்துச் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"துத்தநாகம்யா," என்றேன்.

வெர்லின் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. "பொழச்சுக்குவானா?"

"ரத்தம் ஏத்தியிருக்கோம். ஈறு செவக்கணும். அதான் கணக்கு."

வெர்லின் சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். தரையில் மண்டியிட்டு, மயக்கம் தெளியாத டியூக்கின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கி, கண்ணாடியை ஈறருகே கொண்டுபோனார்.