சங்கிலியின் கடைசிக் கண்ணி

ஐந்து மாதம் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் பாய்மரப் படகை நான் பார்த்துக்கொண்டேன். இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சைக்காக அவர் தன் நாட்டுக்குப் போயிருந்தார். மனைவி இறந்தபின் வீட்டை விற்று வாங்கிய படகு அது. அதைவிட்டால் அவருக்கு வேறு வீடு இல்லை என்று படகு முகவரின் கந்தோரில் வேலைசெய்யும் பெண்பிள்ளை முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தாள்.

பாலையூற்று வீட்டிலிருந்து சைக்கிளில் இறங்குதுறைக்கு வருவேன். கிண்ணியாக்காரர் ஒருவர், காக்கா என்றுதான் கூப்பிடுவேன், தன் தோணியில் என்னைப் படகுக்குக் கொண்டுபோய் விடுவார். படகு துறைமுகத்துக்குள் நங்கூரத்தில் நின்றது. நங்கூரம் மட்டும் போதாது, சங்கிலியும் நீளமாகக் கிடக்க வேண்டும். அப்போதுதான் இழுப்பு படுக்கையாக வந்து நங்கூரம் சேற்றைக் கவ்வும். பத்து நாளுக்கு ஒருமுறை சங்கிலியைக் கொஞ்சம் இழுத்தெடுத்து, ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, தேய்ந்த கண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப இறக்குவேன்.

"சங்கிலிக்கு முத்தமும் குடுப்பீங்க போல, தம்பி," என்பார் காக்கா.

வெள்ளிக்கிழமைகளில் கிழவர் கந்தோருக்குத் தொலைபேசி எடுக்கும்போது நானும் அங்கே நிற்பேன். "செயின்?" என்று என்னிடம் ஒரு சொல் கேட்பார். "ஓகே" என்பேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

இரண்டாம் மாதம் சங்கிலிப் பெட்டியைத் துப்புரவாக்கியபோது, சங்கிலியின் கடைசிக் கண்ணி படகோடு வெறும் கயிற்றால் கட்டப்பட்டிருப்பதைக் கண்டேன். விரல் தடிப்புக் கயிறு. இவ்வளவு இரும்பை இதுவா பிடிக்கும் என்று பயம் வந்தது. வெள்ளிக்கிழமை கேட்டிருக்கலாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அந்தப் பிள்ளை என் கேள்வியை ஆங்கிலத்தில் சொல்லி, இரண்டு பேருமாகச் சிரித்தால் என்ன செய்வது என்று கூச்சமாக இருந்தது. கயிற்றை அவிழ்த்து, சக்கிள் என்கிற இரும்புப் பூட்டை மாட்டினேன். அதன் ஆணி கழலாதபடி கம்பியும் சுற்றினேன். அன்றைக்கு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் காக்கா என்னை ஏற்றிப்போக வந்து தோணியைப் பக்கத்தில் கட்டும்போது காற்று எழும்பியது. மண் ஏற்றும் பெரிய தட்டைப் படகு, பார்ஜ் ஒன்று கட்டறுந்து நேரே எங்களை நோக்கி வந்தது. எஞ்சினை இயக்கி ஒதுங்கப் பார்த்தேன். சங்கிலி படகின் முகத்தைத் திரும்பத் திரும்ப அந்தப் பக்கமே இழுத்தது. முழுவதையும் தூக்கி எடுக்க அரைமணி நேரம் வேண்டும். ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை.

"சங்கிலிய முழுக்க விடுங்க தம்பி. விட்டுட்டு ஓடுவம். பிறகு அடியில சுழியோடி எடுக்கலாம்," என்றார் காக்கா.

விட்டேன். சங்கிலி இரைந்துகொண்டு போய், கடைசிக் கண்ணியில் அடித்து நின்றது. கத்தியோடு பெட்டிக்குள் குனிந்த காக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கயிறு எங்க?"

இப்படியொரு நேரத்தில் வெட்டி விடுவதற்காகத்தான் கிழவர் கயிற்றைக் கட்டியிருந்தார். குறட்டால் கம்பியை அறுத்தேன். படகின் பாரமெல்லாம் அந்த ஆணியில் தொங்கியதால் அது அசையவில்லை. காக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தோணிக்குள் போட்டார். நாங்கள் விலகிய கையோடு பார்ஜ் படகின் முன்பக்கத்தைப் பிளந்தது.

மூன்று வாரம் கழித்துக் கிழவர் இரண்டு ஊன்றுகோலோடு வந்தார். தண்ணீருக்கு மேலே பாய்மரத்தின் நுனி மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"கயித்தை வெட்ட நேரம் கிடைக்கேல்லையோ எண்டு கேக்கிறார், அண்ணை," என்றாள் பிள்ளை.

பக்கத்தில் நின்ற காக்கா தோணிக் கயிற்றைச் சரிபார்க்கக் குனிந்தார்.

"ஓம், கிடைக்கேல்லை," என்றேன்.

கிழவர் நீளமாகப் பேசினார். பிள்ளை என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கயிறு ஏனெண்டு உங்களுக்குச் சொல்லித் தராமப் போனது தன்ர பிழையாம். மன்னிப்புக் கேக்கிறார்."

நான் தலை குனிந்தேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இப்போது ஏதோ முதியோர் விடுதியில் ஓர் அறையில் இருக்கிறாராம். நடந்ததை அவருக்கு எழுத எனக்குத் தெரிந்த தமிழ் போதும். அதை ஆங்கிலமாக்க அந்தப் பிள்ளையிடம்தான் போகவேண்டும். இரண்டு தடவை கந்தோர் வாசல்வரை போனேன்.

"என்ன அண்ணை?" என்று கேட்டாள்.

வேலை ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள்.