சாம்பியின் கறுப்புத் தலை

பெத்ரோ சாம்பிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. ஐம்பது வயது முடிந்தவனைக் கட்டாய வேலைக்கு அனுப்பக் கூடாது என்பது ஸ்பானிய அரசர் சட்டம். பொமாதா ஊரின் கோயில் முற்றத்தில் ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்று பெயரை அடித்துவிட்டால், பொத்தோசி வெள்ளிச் சுரங்க மலையின் முகத்தில் இனி விழிக்கவே வேண்டாம். இரண்டு முறை போய்வந்தவர் அவர். கூடப் போன தம்பி அந்தச் சுரங்கத்திலேயே மண்ணுக்குள் போனான். மூன்றாம் முறை போனால் தானும் அப்படித்தான் என்று சாம்பிக்குத் தெரியும்.

நாற்காலியில் ஸ்பானிய அதிகாரி. பக்கத்தில் நின்றபடி எழுதும் கலப்பின எழுத்தர். வெயிலில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நம்மவர்கள்.

"வயசு?"

"அம்பதுங்க எசமான். எரிமலை வெடிச்சுச் சாம்பல் மழை பெஞ்ச வருசம் பொறந்தேன்."

"காலையிலேர்ந்து வந்தவன் அத்தனை பேரும் சாம்பல் மழையிலதான் பொறந்திருக்கான். ஞானஸ்நானச் சீட்டு எங்கடா?"

"அந்தச் சாம்பல் கனத்துலதான் கோயில் கூரையே விழுந்துச்சு. ஏடெல்லாம் போச்சுங்க."

அதிகாரி சாம்பியின் தலையைப் பார்த்தார். கன்னங்கரேலென்று இருந்தது. சட்டிக் கரியையும் லாமா விலங்கின் கொழுப்பையும் குழைத்து, ஆறு வருடமாக மனைவி எழும் முன்பே பூசிவந்த கறுப்பு. இன்றைக்காவது கழுவிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் முப்பத்தெட்டு வயது என்று சொல்லியல்லவா லூசியாவை இரண்டாம் தாரமாகக் கட்டினார்? உயிர் போகிற நேரத்திலும் வீம்பு போகவில்லை, மனுஷனைப் பாருங்கள்.

கூட்டத்தில் நின்ற லூசியாவை அதிகாரி கூப்பிட்டார். "சிலுவை மேல கை வச்சுச் சொல்லு. உன் புருஷனுக்கு என்ன வயசு?"

"நாப்பத்து நாலுன்னு சொல்லியிருக்காருங்க."

முற்றமே சிரித்தது. எழுத்தர் பேனாவை மையில் தோய்த்தார்.

"எழுதாதீங்க," என்றாள் லூசியா. "அவரு சொன்னதச் சொன்னேன். எனக்குத் தெரிஞ்சத நீங்க கேக்கலையே."

சாம்பியின் தலையை இழுத்துப் பிடித்து, தன் போர்வை நுனியால் அழுத்தித் தேய்த்தாள். கறுப்பெல்லாம் போர்வைக்கு வந்தது. அடியில் வெள்ளை வெளேரென்று நரை. அதிகாரிக்கே சிரிப்பு அடங்கவில்லை.

"அடிச்சிடு பேர," என்றார்.

சாம்பிக்குக் குதிக்கவும் தோன்றியது, தொப்பிக்குள் ஒளிந்துகொள்ளவும் தோன்றியது. "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"கட்டின மறுநாளே. படுக்கிற கம்பளிய யாருய்யா தொவைக்கிறது?"

"ஒரு வார்த்த கேக்கலையே."

"எனக்காகத்தானே பூசினே. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முற்றத்தைத் தாண்டும் வரை விடவில்லை.