களை: இல்லை

கொல்லிமலைச் செம்மேட்டில் செடி காய்வதில்லை. நம் பட்டுக்கோட்டைப் பக்கம் பாடம் பண்ணச் செய்தித்தாளுக்குள் வைத்தால் மூன்றே நாளில் சருகாகிவிடும் இலை, இங்கே பத்து நாள் கழித்துப் பிரித்தாலும் ஈரமும் பூஞ்சையுமாக வருகிறது. ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டீர்கள். இங்குள்ள ஒரு கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியையாக வந்த முதல் வருடம், எல்லாவற்றுக்கும் நான் மலையைத்தான் திட்டினேன்.

சூழலியல் செய்முறைக்கு ஒரு மீட்டர் அளவில் சதுரச் சட்டம் உண்டு. அதைக் காட்டில் (இங்கே மானாவாரி வயலுக்குக் காடு என்றுதான் பேர்) போட்டு, உள்ளே நிற்கும் செடிகளைப் பயிர், களை என்று இரண்டு கட்டங்களில் எண்ணி எழுத வேண்டும். மலையில் திருப்புலி நாடு என்ற பகுதியிலிருந்து வரும் மாணவி செல்வி, தங்கள் கேழ்வரகுக் காட்டில் எண்ணி, களைக்கு நேரே 'இல்லை' என்று எழுதியிருந்தாள். காட்டுப் பக்கமே போகாமல் எழுதியிருக்கிறாள் என்று முடிவுகட்டி, பூஜ்யம் போட்டு, எல்லார் முன்னாலும் நோட்டை நீட்டினேன்.

"பொய் எழுதறதுக்கு எதுக்கு காலேஜ்?"

"பொய் இல்லீங்க மேடம்" என்றாள். மறுநாளிலிருந்து வரவில்லை. செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அதை விட்டால் வருடம் போய்விடும். அந்த வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள். எனக்குத் தூக்கம் கெட்டது.

சனிக்கிழமை பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். செல்வி காட்டில் இருந்தாள். அவள் அம்மா களியும் கீரைக்குழம்பும் வைத்தார். தட்டை வழித்துவிட்டு, என்ன கீரை என்று கேட்டேன்.

"பண்ணைக்கீரைங்க. ராகிக்குள்ள தானா மொளைக்கும். நாங்க திங்கறது போவ மாட்டுக்குங்க."

"அப்ப களைன்னு எதைப் பிடுங்குவீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "ஆகாததுன்னு ஒண்ணும் இல்லீங்களே கண்ணு."

களைக்கு உதாரணமாக நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய செடியே அதுதான். வெட்கமாக இருந்தது. செல்வி வந்ததும், "தப்பு என்மேலதான்மா. மார்க்கை மாத்திடறேன், வந்துடு" என்றேன்.

அவள் என் காலித் தட்டைப் பார்த்தாள். "அப்ப இந்தக் கீரைய எந்தக் கட்டத்துலீங்க எழுதறது?"

"திங்கக்கிழமை நீயே போர்டுல போட்டுக் காட்டு" என்றேன். திங்களன்று கரும்பலகையில் அவளே மூன்றாவது கட்டம் போட்டாள்: 'தானா வந்தது, இருக்கட்டும்.' அதில் எழுத வகுப்பு சொன்ன செடிப் பெயர்களில் பாதி எனக்குப் புதிது.

விடுமுறையில் ஊருக்கு வந்து அப்பாவோடு கடலைக் கொல்லையில் களையெடுத்தேன். அதே பண்ணைக்கீரைச் செடியில் கை நின்றுவிட்டது.

"என்னம்மா பாத்துக்கிட்டு நிக்கிற? பிடுங்கிப் போடு."

பிடுங்கிவிட்டேன். வரப்பில் எறிய மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனால், களை என்று அம்மா அடுப்பில் ஏற்றமாட்டாள். வேர்மண் உதிர உதிர, அதைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லை நடுவிலேயே நின்றிருந்தேன்.