கருவாட்டு டப்பா

திண்டிவனத்தில் வேலை முடிந்து விழுப்புரத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததுமே கருவாடு வறுக்கும் வாசனை வந்தது. எங்கள் வீட்டில்தான்.

கொரோனா கோடையில் எங்களுக்கு அந்த வாசனைதான் பரிசோதனை. நான் அப்போது ஒன்பதாவது. அப்பா காய்கறி வண்டி ஓட்டி ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருவார். அம்மாவுக்கு அந்தப் பயம். தினமும் காலையில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, கருவாட்டு டப்பாவைத் திறந்து மூக்கருகே நீட்டுவாள். வாசனை தெரிந்தால்தான் இட்லி.

மறுபடியும் ஊரடங்கு வருவதற்குள் ஒருமுறை திண்டிவனத்து அத்தை வீட்டுக்குப் போய்வரலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அத்தைக்குக் கைக்குழந்தை. எனக்கும் தம்பிக்கும் வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்து அத்தை பிடித்துவைக்கும் மல்லாட்டை உருண்டைமேல்தான் கண். கிளம்பும் நாள் காலையில், சலவைச் சட்டையோடு வந்து அப்பா கண்ணை மூடினார்.

“மோந்து பாருங்க” என்றாள் அம்மா.

“கருவாடு கும்முனு தூக்குது. ஜல்தியா கெளம்புங்க, வெயில் ஏறிடும்.”

அம்மா அசையவில்லை. “கண்ணத் தொறங்க. இது காப்பித்தூளு.”

அப்பா டப்பாவைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். “புள்ளைங்க ஆசையா கேட்டுக்கினே இருந்துச்சுங்க” என்றார். பின்னறைக்குள் போய், தானே கதவைச் சாத்திக்கொண்டார்.

காய்ச்சல் வந்து, போய், பிழைத்துவிட்டார்.

இன்றும் தட்டின் முன் உட்கார்ந்து, கருவாட்டைப் பார்த்த பிறகுதான், “வாசனை தூக்குது” என்றார். அம்மா இன்னொரு துண்டு வைத்தாள். கண்ணை மூடச் சொல்லவில்லை. அந்தக் கோடைக்குப் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை.