டிராம்போன்காரனுக்கு ஒரு நாற்காலி

பேண்டு செட்டில் டிராம்போன்காரனை முன்வரிசையில்தான் விடுவார்கள். மரியாதைக்காக இல்லை, குழாயை நீட்டி ஊதும்போது முன்னால் போகிறவன் பிடரி தப்ப வேண்டுமே என்பதற்காக. ஊதிப் பிழைக்கும் சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா!

பெண் கேட்ட கதை

நகரியில் விசைத்தறி ஓட்டியபடியே கல்யாண ஊர்வலங்களுக்கு ஊதப் போவேன். புத்தூரில் ஓர் ஊர்வலத்தை மாடியில் நின்று பார்த்த கஸ்தூரியை நானும் பார்த்தேன். பிறகு எந்த ஊர்வலத்திலும் அந்தத் தெருவில் என் நடை தானாகக் குறைந்தது. ஒருநாள் துணிந்து பெண் கேட்டுப் போனேன். அவள் அப்பா முனிரத்தினம், வேர்க்கடலை விவசாயி. மோர் கொடுத்து உபசரித்துவிட்டுச் சொன்னார்: "தெருத்தெருவா நடந்துகினே ஊதறவனுக்கு எப்படிப்பா பொண்ணு தர்றது? உக்காந்து சம்பாதிக்கிற வேலையா பாத்துக்கினு வா."

ஜாஸ்

கஸ்தூரி காத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினாள். எவ்வளவு நாள் என்று மட்டும் சொல்லவில்லை. பெங்களூருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த காலம். பலமனேரில் தக்காளி லாரி ஏறிப் போய், ஒரு பெரிய ஹோட்டலின் ஜாஸ் குழுவில் சேர்ந்தேன்.

ஜாஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும். அப்போது மனம் போனபடி தனியாக வாசிக்கலாம். என் முறை வந்ததும் கண்ணை மூடி ஊதினேன். ஊதினால் என் கால் நிற்காது, ஊர்வலப் பழக்கம். கண்ணைத் திறந்தபோது சாப்பாட்டு மேஜைகளைத் தாண்டி, கை கழுவும் இடத்தில் இருந்தேன். பின்னால் சில வெள்ளைக்காரர்கள் ஆடிக்கொண்டே வந்திருந்தார்கள். குழுத் தலைவர் வேலூர்க்காரர். ஓடி வந்து தோளைத் தொட்டார்: "பொண்ணு வீடு இந்தப் பக்கம் இல்லப்பா, மேடைக்கு வா."

ராக்

அந்த வேலை நிலைக்கவில்லை. திருப்பதியில் காலேஜ் மாணவர்கள் ராக் குழுவுக்குக் கூப்பிட்டார்கள். ஆள் உயர ஸ்பீக்கர்கள். நான் ஊதுவது எனக்கே கேட்கவில்லை. இந்த முறை உஷாராக, ஷூ லேஸை மைக் ஸ்டாண்டோடு கட்டிக்கொண்டேன். பாட்டு சூடு பிடித்தது, கால் கிளம்பியது, ஸ்டாண்டும் கூடவே கிளம்பியது. அதன் ஒயர் ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கிவிட்டது. கிட்டார்கள் ஊமையாக, கூட்டத்துக்கு முதல் முறையாக என் டிராம்போன் கேட்டது. விசில் பறந்தது. கிட்டார் வாசித்தவன் பணிவாகச் சொன்னான்: "அண்ணா, கரண்டு போற ஊர்ல புரோகிராம் வந்தா கண்டிப்பா கூப்பிடறோம்."

ஆர்கெஸ்ட்ரா

கடைசியில் சென்னையில் மேற்கத்திய இசை ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் இடம் கிடைத்தது. உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். கால் எங்கே போகும்? அந்தக் குழுவின் கச்சேரி திருப்பதிக்கு வந்தது. கஸ்தூரிக்கு வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, கையைக் காலைப் பிடித்து முனிரத்தினத்தை வரவழைத்தேன். மகளோடு வந்து முன்னால் உட்கார்ந்தார்.

வயலின்காரர்கள் வியர்த்து விறுவிறுத்து வாசித்தார்கள். எனக்கு முறையே வரவில்லை. டிராம்போனை மடியில் வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி இருந்தேன். முடியும் தறுவாயில் நாலே நாலு சுரம் ஊதினேன், கச்சேரி முடிந்தது. போச்சு, மானமும் பெண்ணும் ஒன்றாகப் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

முனிரத்தினம் மேடையேறி வந்து என் நாற்காலியை ஆட்டிப் பார்த்தார். என்னுடையதுதானா என்று கேட்டார். வயலின்காரர்களுக்கும் எனக்கும் ஒரே சம்பளமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவங்கல்லாம் அந்தப் பாடு படறாங்க, நீ சும்மா உக்காந்துகினு கீற. அப்ப நீதான் இங்க பெரிய ஆபீசரு. தை மாசத்துல தேதி பாக்கலாம், மாப்ள."

மூச்சு முட்ட ஊதியும் கிடைக்காத பெண், ஊதாமல் உட்கார்ந்திருந்ததற்குக் கிடைத்தாள். வாத்தியக்காரன் பிழைப்பு இவ்வளவுதான்.