ஷௌகத் அலியின் கண்ணில் ஒரு துகள்

ஓசூர் சிப்காட்டில் காலமெல்லாம் கிரைண்டிங் மெஷின் ஓட்டிய ஷௌகத் அலிக்கு அங்கே ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அடிபட்டதெல்லாம் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான். நின்றவாக்கில் பின்பக்கமாகச் சாய்வார். படியிறங்கும்போது பார்வை கீழே இறங்காது. உள்ளூர் டாக்டர் பார்க்கின்சன் என்று மாத்திரை எழுதினார். வாந்தி வந்தது, விழுவது நிற்கவில்லை.

பெங்களூர் நரம்பு டாக்டருக்குச் சந்தேகம். பார்க்கின்சன் மாதிரியே நடிக்கிற அபூர்வ நோய் ஒன்று உண்டாம். அதில் நடுமூளை சுருங்கியிருக்கும். மாத்திரையைக் கூட்டுவதா நிறுத்துவதா என்பதை எம்.ஆர்.ஐ. பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

ஓசூர் ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன் சுவாதி விசாரித்தாள். பேஸ்மேக்கர் இல்லை, எலும்பில் பிளேட் இல்லை. கண்ணில் இரும்பால் அடிபட்டதுண்டா என்றதற்கு, இல்லவே இல்லை என்றார் கொஞ்சம் ரோஷமாக. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து ஸ்கேன் அறைக்கதவைத் திறந்தாள்.

அவருடைய மூக்குக்கண்ணாடியை வாங்கி வைத்திருந்த மனைவி தில்ஷாத்துக்குப் புருஷன் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இவருக்கு அடியெல்லாம் படாதும்மா. கண்ணுல இரும்புத்தூள் விழுந்தாக்கூட, பக்கத்து மெஷின் திருமலை அண்ணன் காந்தத்தக் காட்டி எடுத்துடுவாரு. ஆஸ்பத்திரிக்கே போனதில்ல."

சுவாதி ஸ்ட்ரெச்சரை அப்படியே பின்னால் இழுத்தாள். உள்ளே இருந்ததும் காந்தம்தான். இரும்புக் கட்டிலையே இழுத்துக்கொள்ளும் காந்தம்.

"ஏன் பாய் சொல்லல?"

"அது அடியா? தெனமும் நடக்கறதுதானே."

எக்ஸ்ரேயில் வலது கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு புள்ளி. திருமலையின் காந்தம் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எடுத்திருக்கிறது. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளியிருந்தால் அந்தத் துகள் நகர்ந்து கண்ணையே கிழித்திருக்கும். கண் தப்பியது, நோய்க்குப் பெயர் கிடைக்கவில்லை.

பெங்களூரில் காந்தம் இல்லாத பெட் (PET) ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியில் ஏற்றிய சர்க்கரையை மூளை எங்கெங்கே சாப்பிடவில்லை என்று அது காட்டுமாம். நடுமூளையும் முன்மூளையும் பட்டினி கிடந்தன. அபூர்வ நோயேதான் என்றார் டாக்டர்.

"மருந்து?" என்றாள் தில்ஷாத்.

குணமாக்க எதுவும் இல்லை. விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போகப்போக விழுங்குவது சிரமமாகும், புரையேறாமல் ஊட்ட வேண்டும். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷௌகத் அலி ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப வாந்தி வரவைக்கிற அந்த மாத்திரை?"

"கொஞ்சங்கொஞ்சமா நிறுத்திடலாம்."

ஆஸ்பத்திரி கேன்டீனில், பல மாதங்களுக்குப் பிறகு, அவராகவே வாய்விட்டுப் பிரியாணி கேட்டார். தில்ஷாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தயிர்சாதத்தை நன்றாகக் குழைத்துக் கொண்டுவரச் சொன்னாள்.